அப்பாவின் பழைய பயனியர் டர்ன்டேபிள்: சரிசெய்து வைத்துக்கொள்வதா, புதிது வாங்குவதா?

தெம்பனிஸ்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எழுபதுகளில் அப்பா இங்கே சிங்கப்பூரில் வாங்கிய பயனியர் பிஎல்-12டி டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) இப்போது என் வீட்டுக்கு வந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் மாடல். நிமிடத்துக்கு 33, 45 சுற்று என்று இரண்டு வேகம் மட்டும். கூடவே அவர் சேர்த்த தட்டுகளும் வந்திருக்கின்றன. கச்சேரி எல்பிக்கள் (33 வேகப் பெரிய தட்டுகள்), சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாடல்கள், காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம், படப்பாடல் இபிக்கள் (45 வேகச் சின்னத் தட்டுகள்), ஒரு பெட்டி நிறைய 78 வேக அரக்குத் தட்டுகள்.

ஓடுகிறது, ஆனால் குறைகள் இருக்கின்றன. வலது ஸ்பீக்கர் திடீரென்று அடங்கிவிடும், ஊசி பொருத்திய கையின் நுனியான ஹெட்ஷெல்லை லேசாகத் தொட்டால் திரும்ப வரும். பாட்டு கொஞ்சம் இழுவையாகக் கேட்கிறது. எந்தத் தட்டு போட்டாலும் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. கையை இறக்கும் லீவரைத் தள்ளினால் ஊசி மெதுவாக இறங்காமல் பொத்தென்று விழுகிறது. ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கும் கார்ட்ரிட்ஜ் ஷுர் எம்75. ஊசி எப்போது மாற்றியது என்று அப்பாவுக்கே நினைவில்லை.

ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், “இதற்குச் செலவு செய்வது வீண், புதிது எடுங்கள்” என்றார்கள். 800 வெள்ளி வரை செலவழிக்கத் தயார். பணம் எங்கே போனால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பதுதான் என் கேள்வி.

---

ஈசூன்வாசி

நான் புதிது வாங்கு கட்சி. ஐம்பது வயதான மோட்டாரை நம்பி ஏன் காசு போடவேண்டும்? இன்று பெல்ட், நாளை மோட்டார், அப்புறம் ஏதாவது ஒரு ஸ்விட்ச். உதிரிப்பாகம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

உங்கள் பட்ஜெட்டுக்குள் ரேகா பிளானர் 1 கிடைக்கும். பெட்டியைப் பிரித்து, பெல்ட் மாட்டி, எடையைத் தள்ளி வைத்தால் பாட ஆரம்பித்துவிடும். ஆன்ட்டி-ஸ்கேட் (கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) எல்லாம் தானாகவே அமைந்திருக்கும். ஆடியோ-டெக்னிகா எல்பி120எக்ஸ் எடுத்தால் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும்), 78 வேகமும் உண்டு, கார்ட்ரிட்ஜின் சன்னமான ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப்பும் உள்ளேயே இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு இரவில் அரைமணி நேரம் பாட்டுக் கேட்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஸ்க்ரூடிரைவரோடு உட்கார நேரமில்லை. அதனால்தான் இப்படிச் சொல்கிறேன்.

---

ஊசிமுனை

தம்பி, அந்தக் கடைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஈசூன்வாசி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியாது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க ஆடியோ பழுதுபார்த்தவன். நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூட டர்ன்டேபிளின் உயிர்நாடியைத் தொடவில்லை.

பழைய டர்ன்டேபிளில் மூன்று இடங்கள் கெட்டால்தான் நான் கைவிடச் சொல்வேன். பிளாட்டர் (தட்டு வைக்கும் சுழல்வட்டு) உட்காரும் நடு பேரிங், கை திரும்பும் பேரிங், மோட்டார். மற்றவை எல்லாம் தேய்கிற சாமான்கள், மாற்றுவதற்கென்றே செய்தவை.

இந்த மூன்றையும் நீங்களே பார்க்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு பிளாட்டரைக் கையால் சுழற்றுங்கள். சத்தமில்லாமல் நீண்ட நேரம் சுற்றி, மெல்ல மெல்ல நிற்கவேண்டும். ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்து கை. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஆன்ட்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, பின்னால் இருக்கும் எடையைத் திருகி, கை மேலும் போகாமல் கீழும் போகாமல் காற்றில் மிதக்கும்படி நிறுத்துங்கள். பிறகு ஹெட்ஷெல்லின் பக்கத்திலிருந்து லேசாக ஊதுங்கள். கை தடையே இல்லாமல் நகர்ந்து போகவேண்டும். நடுவில் எங்காவது தயங்கி நின்றாலோ, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாலோ பேரிங்கில் அழுக்கு இருக்கிறது, அல்லது உள்ளே போகும் மெல்லிய கம்பி இழுக்கிறது. கடைசியாக, கையை நடுவில் இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மென்மையாக அசையுங்கள். ஆட்டம் தெரியக்கூடாது.

மோட்டாருக்கு, பெல்ட் இல்லாமல் ஓடவிட்டு மரப்பெட்டியின் மேல் காதை வையுங்கள். சன்னமான ரீங்காரம் சரி. கரகரப்பு வந்தால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம்.

உங்கள் குறைகளுக்கு வருகிறேன். வலது பக்கம் அடங்குவது ஹெட்ஷெல் தொடர்பில். ஹெட்ஷெல்லைக் கழற்றினால் பின்புறம் நான்கு சின்ன உலோக முனைகள் தெரியும், நம் ஊர் ஈரத்தில் அவை கறுத்துப்போகும். சிம் லிம் டவரில் கான்டாக்ட் கிளீனர் கிடைக்கும். பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இழுவைக்குக் காரணம் தளர்ந்த பெல்ட்டாகத்தான் இருக்கும். பொத்தென்று விழுவது லீவரில் இருக்கும் சிலிகான் எண்ணெய் காய்ந்ததால். சீறலுக்கு ஊசியையும் அது பொருத்தியிருக்கும் கோணத்தையும் பார்க்கவேண்டும்.

---

கச்சேரி_ரசிகை

வேகம் சரியா என்று பார்க்க உங்கள் தட்டுகளே போதும் அண்ணா. கச்சேரி எல்பி ஒன்றைப் போட்டு ஆலாபனைக்கு நடுவே பாடகர் மூச்சு விடும் இடத்தில் தம்பூராவை மட்டும் கேளுங்கள். அது அசையாமல் நிற்கவேண்டிய ஸ்வரம். பெல்ட் நழுவினாலோ, தட்டின் நடு ஓட்டை கொஞ்சம் தள்ளியிருந்தாலோ அது அலையும். பாட்டிலும் தாளத்திலும் காதுக்குப் பிடிபடாத ஆட்டம் தம்பூராவில் உடனே தெரிந்துவிடும். நாகஸ்வரத் தட்டில் சுருதி பிடிக்கும் ஒத்தும் அப்படித்தான்.

நான் கைப்பேசியில் சுருதிப்பெட்டி செயலியையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். கட்டை (சுருதியின் அளவு) பொருந்தாவிட்டால் வேகம் தப்பு.

---

ஊசிமுனை

தம்பூரா யோசனை மிக நல்லது அக்கா. ஆனால் சுருதிப்பெட்டியை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கச்சேரிகளில் சுருதி இன்றைய செயலியின் கட்டையோடு துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்லமுடியாது. கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ சேர்த்திருப்பார்கள். ஆட்டம் இருக்கிறதா என்பதற்குத் தம்பூரா, சரியான வேகத்துக்குக் கருவி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் ஜைரோஸ்கோப்பை வைத்து சுற்று எண்ணும் செயலிகள் உள்ளன. பிளாட்டரின் நடுவில் கைப்பேசியை வைத்து ஓடவிட்டால் எண் வந்துவிடும்.

வேகம் பார்க்கும் பழைய ஸ்ட்ரோப் அட்டை (கோடுகள் போட்ட வட்டம்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் வளையத்தைத்தான் இங்கே பார்க்கவேண்டும். எல்இடி விளக்குகள் பல, மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்காது. அந்த வெளிச்சத்தில் கோடுகள் நிற்பதுபோல் தெரியவே தெரியாது.

---

புதுவட்டு

நடுவில் ஒரு கேள்வி. நான் இன்னும் எதுவும் வாங்கவில்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பழைய டர்ன்டேபிள் நல்ல விலைக்கு வருகிறது. வரவழைத்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டுக்கொண்டால் போதும்தானே?

---

ஊசிமுனை

போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிஎல்-12டி போன்ற ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்கான புல்லியோடு (மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) இங்கே ஓட்டினால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். புல்லியை மாற்றியாகவேண்டும்.

ஜப்பானில் 100 வோல்ட். கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. எந்தப் புல்லி போட்டிருக்கிறது என்று விற்பவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 மாதிரி குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவுக்கு இந்த ஹெர்ட்ஸ் தொல்லை கிடையாது. வோல்ட் மட்டும் பொருந்தினால் போதும்.

---

கச்சேரி_ரசிகை

27.8 சுற்றில் ஓடினால் ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவது போலக் கேட்கும். பெண்குரல் ஆண்குரல் மாதிரி இறங்கிவிடும். அந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம் தம்பி.

---

ஈசூன்வாசி

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும், பதிவுபெற்ற இணையக் கடைகள் ஜிஎஸ்டி பிடிக்கின்றன. இப்போது 9 விழுக்காடு. அதற்கு மேல் கப்பல் கூலி. பிளாட்டரின் எடைக்கே கூலி எகிறும்.

---

தெம்பனிஸ்காரன்

ஊசிமுனை ஐயா சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். பிளாட்டர் சத்தமில்லாமல் சுற்றுகிறது, பக்கவாட்டில் ஆட்டம் இல்லை. கை மிதக்கிறது, ஊதினால் ஒரு தயக்கமும் இல்லாமல் ஓரம் வரை போகிறது. மோட்டாரில் மட்டும் மெல்லிய கரகரப்பு. வேகம் 32.4 காட்டியது.

ஹெட்ஷெல்லைக் கழற்றினேன். நான்கு முனைகளில் இரண்டு கறுப்பாகவே இருந்தன. துடைத்த பஞ்சு கரி பிடித்துப்போனது. திரும்ப மாட்டியதிலிருந்து வலது பக்கம் ஒருமுறைகூட அடங்கவில்லை!

பெல்ட் கையோடு ஒட்டியது. சுவரோரமாக வைத்திருந்த தட்டு உறைகள் சிலவற்றில் பூஞ்சையும் இருக்கிறது.

இப்போது என் கேள்வி மாறிவிட்டது. ஷுருக்கு ஊசி மட்டும் வாங்கவா, கார்ட்ரிட்ஜையே மாற்றவா?

---

ஊசிமுனை

மூன்று இடமும் நன்றாக இருக்கிறது. இனி இதைத் தூக்கிப்போடும் பேச்சே வேண்டாம் தம்பி. மோட்டாரின் அச்சு சுற்றும் மேல் புஷ்ஷிலும் கீழ் புஷ்ஷிலும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும். பெல்ட் ஓடும் புல்லியில் மட்டும் படவே கூடாது. பழைய பெல்ட்டின் பிசுக்கு புல்லியிலும் பிளாட்டரின் உள்வளையத்திலும் ஒட்டியிருக்கும், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போடுங்கள்.

ஷுர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது. ஜப்பானின் ஜிகோ நிறுவனம் பழைய ஷுர்களுக்கு நல்ல ஊசி செய்கிறது. அப்பா கேட்ட அதே ஒலி வேண்டுமென்றால் அந்த வழி. எனக்கு எம்75இன் குரல் பிடிக்கும், கொஞ்சம் கனமான குரல் அது. ஆனால் உங்கள் குறையே கடைசிப் பாட்டுதான் என்பதால், ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையைப் பாருங்கள். உடல் ஒன்றுதான், ஊசியை மட்டும் கழற்றி வேறு வடிவம் மாட்டலாம். விஎம்95இ நூறு வெள்ளியை ஒட்டி வரும். போதவில்லை என்று பட்டால் பிறகு அதே உடலில் மெல்லிய முனையுள்ள மைக்ரோலைன் ஊசி மாட்டிக்கொள்ளலாம்.

கடைசிப் பாட்டு ஏன் சீறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்பியின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். அதே ‘ஸ’, பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி வெட்டப்பட்டிருக்கிறது. தேய்ந்த ஊசியோ மொண்ணையான ஊசியோ அந்த நெளிவுக்குள் இறங்காது. மேலேயே உரசிக்கொண்டு போகும். மைக்ரோலைன் போன்ற மெல்லிய முனை அங்கேதான் வேலை செய்கிறது.

---

புதுவட்டு

அப்படியென்றால் முதலிலேயே மைக்ரோலைன் வாங்கிவிடலாமே? இரண்டு முறை ஏன் செலவு?

---

ஊசிமுனை

கோணம் தப்பாக இருந்தால் மைக்ரோலைனும் சீறும். மெல்லிய முனைக்குப் பொருத்தம் இன்னும் கறாராக இருக்கவேண்டும். முதலில் தெம்பனிஸ்காரர் விஎம்95இ ஊசியில் புரோட்ராக்டர் (கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அளவு அட்டை) வைத்துச் சரியாகப் பொருத்தப் பழகட்டும், அழுத்தம் 2 கிராம் என்று தராசில் பார்த்து வைக்கட்டும். முக்கால்வாசிச் சீறல் அதிலேயே போய்விடும் என்பது என் அனுபவம். சின்ன டிஜிட்டல் தராசு விலை அதிகமில்லை, ஆனால் கையின் எடைச் சக்கரத்தில் இருக்கும் எண்ணை நம்புவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஊசியின் ஆயுளும் வடிவத்தைப் பொறுத்தது. நிறுவனங்கள் 300 மணியிலிருந்து 1000 மணி வரை சொல்கின்றன. வாங்கிய தேதியை ஹெட்ஷெல் பெட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

---

பிடோக்_78

எல்லாரும் அந்த அரக்குத் தட்டுப் பெட்டியை மறந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

பிஎல்-12டியில் 78 வேகம் இல்லை. எவ்வளவு சரிசெய்தாலும் அந்தப் பெட்டி அதில் பாடாது. வேகம் இருந்தாலும் எல்பி ஊசி ஆகாது. எல்பிக்கான உருண்டை முனை ஏறக்குறைய 18 மைக்ரான், 78க்கு 76 மைக்ரான் வேண்டும். சின்ன முனை அகலமான பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து தூசியையும் கீறலையும்தான் வாசிக்கும். விஎம்95 வரிசையில் 78க்கென்றே எஸ்பி ஊசி இருக்கிறது.

அதைவிட முக்கியம்: அந்தத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். எல்பிக்கு விற்கும் கிளீனர்கள் பலவற்றில் ஆல்கஹால் உண்டு. அரக்கு அதில் கரையும். ஒருமுறை துடைத்தால் அந்தப் பாட்டு போயே போய்விட்டது. காய்ச்சி வடித்த நீர், ஒரு துளி மென்மையான சோப்பு, மெல்லிய துணி, லேபிள் நனையாமல். அவ்வளவுதான்.

---

ஈசூன்வாசி

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். எல்பி120எக்ஸ் ஒன்று வாங்கினால் 33, 45, 78 மூன்றும் முடிந்தது. பெல்ட், கார்ட்ரிட்ஜ், தராசு, புரோட்ராக்டர், எண்ணெய், கிளீனர் என்று கூட்டிப் பாருங்கள். பழையதுக்கும் இருநூறு வெள்ளியை நெருங்கிவிடும்.

---

பிடோக்_78

இருநூறு வெள்ளி நியாயமான தொகைதான். அதில் கார்ட்ரிட்ஜும் தராசும் புரோட்ராக்டரும் நாளைக்கு எந்த டர்ன்டேபிளுக்கும் உதவும். பிஎல்-12டிக்கு மட்டும் என்று போவது பெல்ட்டும் எண்ணெயும்தான்.

78க்கு நான் ஒரு வழி சொல்கிறேன். என்னிடம் மூன்று வேக டர்ன்டேபிளும் 78 ஊசியும் இருக்கின்றன. பெட்டியைக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் கணினியில் பதிவுசெய்து தருகிறேன். அடிக்கடி போட்டுக் கேட்க ஆசை வந்தால் அப்போது எல்பி120எக்ஸ் பற்றி யோசிக்கலாம். அரக்குத் தட்டுகளை எத்தனை பேர் தினமும் கேட்கிறோம்?

---

கச்சேரி_ரசிகை

பூஞ்சை பற்றி யாரும் சொல்லவில்லையே. அண்ணா, தட்டுகளை பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். அந்த அறையில் காற்றோட்டம் குறைவு. வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், மழைக்காலத்தில் சுவர் குளிர்ந்து ஈரம் பிடிக்கும். பூஞ்சை பிடித்த உள்ளுறைகளை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுவிய தட்டிலும் திரும்ப ஏறும். நான் அரிய தட்டுகளை மட்டும் கேமராவுக்கு விற்கும் டிரை கேபினட்டில் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறேன். மற்றவை காற்றாடும் அலமாரியில், நெருக்காமல், நிமிர்த்தி.

புது ஊசியைப் பூஞ்சைத் தட்டில் இறக்கிவிடாதீர்கள். கழுவிய பிறகுதான் கார்ட்ரிட்ஜ்.

---

புதுவட்டு

டர்ன்டேபிளை எங்கே வைப்பது? மேல்வீட்டில் பிள்ளைகள் குதிப்பார்கள், ஸ்பிரிங் வைத்த மாடல்தான் வேண்டுமென்று ஒருவர் சொன்னார்.

---

ஊசிமுனை

ஸ்பிரிங் சஸ்பென்ஷனுக்கு மரத்தரை வீடுகளில்தான் அதிகத் தேவை. வீவக அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் தரையில் கால்நடை அதிர்வு பெரிய பிரச்சினை இல்லை. ஸ்பீக்கர் இருக்கும் அதே அலமாரியில் வைக்காமல் இருந்தால் போதும். மட்டம் பார்த்து வையுங்கள்.

---

தெம்பனிஸ்காரன்

முடித்துவிட்டேன், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

பெல்ட்டை இணையத்தில் வாங்கினேன், விஎம்95இயும் தராசும் அடெல்ஃபி கடைத்தொகுதியில். மோட்டாருக்கு எண்ணெய் விட்டதும் கரகரப்பு போய்விட்டது. புல்லியைத் துடைத்தபோது வந்த பிசுக்கு தார் மாதிரி இருந்தது. புது பெல்ட்டில் வேகம் 33.4 காட்டுகிறது. தம்பூராவைக் கேட்டேன், அசையவில்லை. செயலி காட்டிய எந்த எண்ணிக்கையையும்விட அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

புரோட்ராக்டர் வைத்துப் பொருத்துவதுதான் பொறுமையைச் சோதித்தது. இரண்டு புள்ளியிலும் கார்ட்ரிட்ஜின் முகம் கோட்டுக்கு நேராக நிற்கவேண்டும். ஒன்றில் சரியானால் இன்னொன்றில் விலகும். ஹெட்ஷெல் ஸ்க்ரூவை இறுக்கும்போதே கார்ட்ரிட்ஜ் மயிரிழை திரும்பிவிடுகிறது. இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கால்சுற்றாக இறுக்கிய பிறகுதான் நின்றது.

கடைசிப் பாட்டுச் சீறல் பெரும்பாலான தட்டுகளில் போய்விட்டது. அப்பா அதிகம் கேட்ட சில தட்டுகளில் மட்டும் இன்னும் இருக்கிறது.

லீவருக்குச் சிலிகான் எண்ணெய் இன்னும் போடவில்லை. அதுவரை கையாலேயே இறக்குகிறேன்.

---

ஊசிமுனை

அந்தச் சில தட்டுகளுக்கு இனி மருந்தில்லை தம்பி. தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரையே செதுக்கியிருக்கும். மைக்ரோலைன் பழைய முனை தொடாத ஆழத்தில் போய் வாசிப்பதால் ஓரளவு தேறலாம், முழுக்கத் தேறும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். அந்த ஊசி வாங்குவதற்கு முன்னால் அதே தட்டுகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பாருங்கள். என்னிடம் அதே உடலில் மைக்ரோலைன் மாட்டியிருக்கிறது.

---

ஈசூன்வாசி

சரி, இவ்வளவு குறைந்த செலவில் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நேரமும் பொறுமையும் இருப்பவருக்கு இது நல்ல வழி. என் நிலைமையில் இருப்பவர்களுக்கு இன்னும் புதிதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்று: சூட்கேஸ் மாதிரி மடக்கும் பிளேயரைப் ‘புதிது’ என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் பல செராமிக் கார்ட்ரிட்ஜோடு 5 கிராம் போல அழுத்தத்தில் ஓடுகின்றன. நீங்கள் வைத்த 2 கிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

தெம்பனிஸ்காரன்

அப்படியே செய்கிறேன் ஊசிமுனை ஐயா, அடுத்த சனிக்கிழமை அந்தத் தட்டுகளோடு வருகிறேன். பிடோக் அண்ணே, 78 பெட்டியையும் அன்றைக்கே கொண்டுவரலாமா? உறையில்லாமல் கிடப்பவற்றுக்கு அளவான காகித உறை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். பத்து அங்குலத் தட்டுகள்.

---

பிடோக்_78

தாராளமாக வாருங்கள். பத்து அங்குல உறை என்னிடமே நிறைய இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். வரும்போது தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல், நிமிர்த்தி, நடுவில் அட்டை கொடுத்துக் கொண்டுவாருங்கள். பேருந்தில் வேண்டாம், டாக்ஸி எடுங்கள்.